நாலு விரல் உயரம்

தம்பி, இவ்வளவு நேரமா சேத்துல முழங்கால் போட்டு அந்த முன்சக்கரத்துக்கு அடியிலயே எட்டி எட்டிப் பாக்கறீங்களே, செடி வாங்க வந்தீங்களா, வண்டி பாக்க வந்தீங்களா? எந்திரிங்க. பேண்ட்டெல்லாம் சேறாயிடுச்சு பாருங்க. இப்படி ஷெட்டுக்குள்ள வந்து உக்காருங்க. இந்த ஏற்காட்டு மழை ஆரம்பிச்சா உடனே விடாது.

என்னது, உங்ககிட்டயும் ஒரு பழைய பிக்கப் இருக்கா? முன்பக்கத்தைத் தாழ்வா எறக்கணுமா? அதுக்குத்தான் யாரு செஞ்சதுன்னு கேக்கறீங்களா? சேலத்துல குத்புதீன் பாய்னு ஒருத்தர். நம்பர் தர்றேன். எனக்கென்ன வந்துச்சு, தர்றேன். ஆனா நான் சொல்றத முழுசாக் கேட்டுட்டு அப்புறம் வாங்கிக்கங்க. அந்தக் கேமராவைக் கொஞ்சம் கீழ வைங்க.

இது இந்த மலையில ஒரு காப்பித் தோட்டத்துல ஓடின வண்டி. எங்க வீட்டுக்காரரு இஞ்ஞாசி அதே தோட்டத்துல லாரி டிரைவரா இருந்தவரு. தோட்டம் கைமாறினப்ப வண்டியும் போயிடுச்சு. கோயமுத்தூர்ல ஒரு வசதியான வீட்டுப் பையன் வாங்கி, இந்த நீலப் பெயிண்ட் அடிச்சு, தரையோட தரையா எறக்கி, ஆசை தீர ஓட்டிட்டு வேற வண்டிக்குப் போயிட்டான். நாங்க அப்பத்தான் நர்சரி போட்டிருந்தோம். செடி ஏத்திட்டு சேலத்துக்குப் போக வர ஒரு வண்டி வேணும். இவருக்கு இந்த வண்டி மேல பழைய பாசம். சும்மா ஒரு கண் பாத்துட்டு வரலாம்னு கூப்பிட்டாரு. எனக்கு இஷ்டமே இல்ல. இரும்புக் குப்பைன்னு சொல்லிக்கிட்டேதான் போனேன்.

என் வலது காலைப் பாத்திருப்பீங்க. பாக்காத மாதிரி இருக்கீங்க, பரவால்ல, நல்ல பையன். குழந்தையில வந்த இளம்பிள்ளை வாதம். எனக்கு நடக்கறது ஒரு பெரிய விஷயமில்ல தம்பி. கட்டையை ஊனிக்கிட்டு இந்தத் தோட்டம் பூரா நடப்பேன். வண்டியில ஏறறதுதான் கஷ்டம். பஸ்ஸுல ஏறினா பின்னாடி இருந்து ஒரு கை தள்ளும், முன்னாடி இருந்து ஒரு கை இழுக்கும். யாரு கை, எங்க படுது, ஒண்ணும் கேக்க முடியாது. ஒருதடவை சொந்தக்காரங்க கல்யாணத்துக்குப் போறப்ப, ஜீப்புல ஏத்தறேன்னு எங்க பெரியம்மா பையன் என்னை அப்படியே தூக்கிட்டான். சேலை முட்டிக்கு மேல போயிடுச்சு. ஊரே வாசல்ல நிக்குது. அவன் நல்லவன், உதவித்தான் பண்ணினான். நான் கல்யாணம் முடியற வரைக்கும் ஜீப்பை விட்டு எறங்கவேயில்ல. வெளிய மேளச் சத்தம் கேட்டுக்கிட்டு உள்ளயே உக்காந்திருந்தேன்.

கோயமுத்தூர்ல அந்தப் பையன் வீட்டு வாசல்ல இவரு பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. எனக்கு நின்னு நின்னு கால் வலிச்சுது. கதவு தெறந்திருந்துச்சு. சீட்டு என் இடுப்புக்குக் கீழ இருந்துச்சு. நாற்காலியில உக்கார்ற மாதிரி உக்காந்தேன். நல்ல காலை உள்ள வெச்சேன், மத்தக் காலை ரெண்டு கையால எடுத்து உள்ள வெச்சேன், கதவைச் சாத்தினேன். அவ்வளவுதான். யாரும் தொடல. இவரு பானெட்டை மூடிட்டு நிமிந்தாரு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நான். "எப்படி ஏறின?"ன்னு கேட்டாரு. "வாங்கினா இந்த வண்டிதான்"னு சொன்னேன்.

அப்புறம் நடந்ததுக்கெல்லாம் அவரு பாசம்தான் காரணம். நான் சொன்னது ஒரு வார்த்தைதான்.

கோயமுத்தூர்ல இருந்து சேலம் வரைக்கும் நல்ல ரோடு, ஒண்ணும் தெரியல. நம்ம மலையடிவாரம் தாண்டி முதல் குழியில முன்சக்கரம் எறங்குச்சு பாருங்க, டமார்னு ஒரு சத்தம். என் பல்லெல்லாம் ஆடிப்போச்சு. அதுகூடப் பெருசில்ல. இவரு கையில இருந்த ஸ்டியரிங் தானா ஒரு பக்கமாத் திரும்புச்சு. யாரோ பேய் புடிச்சுத் திருப்பின மாதிரி. இவரு சட்டுனு இழுத்துப் புடிச்சாரு. அடுத்த குழியிலயும் அதே மாதிரி.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் பையன் வண்டிய எறக்கினது எப்படின்னா, முன்னாடி ஸ்பிரிங் பட்டையில பாதியை உருவிப் போட்டுட்டு, பட்டைக்குக் கீழ இருக்க வேண்டிய அச்சைத் தூக்கி மேல வெச்சுட்டான். வண்டி எறங்கிடுச்சு, ஆனா அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவுல ஒரு விரல் நுழைய இடமில்ல. குழியில எறங்கினா அது இதுல இடிக்கும். ஸ்டியரிங் ராடு கோணலா நிக்கறதால சக்கரம் ஏறி எறங்கறப்பெல்லாம் வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும். டவுன்ல நேர் ரோட்டுல ஷோ காட்ட அது போதும். இந்த மலையில, கொண்டை ஊசி வளைவுல, பின்னாடி செடித்தொட்டி பாரத்தோட எறங்கினா எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

நான் சாதாரணமா பயப்படற ஆளில்ல தம்பி. பாம்பை இந்தக் கட்டையாலயே அடிச்சிருக்கேன். அவருதான் பயந்தாரு. சேலம் போற அன்னிக்கு அவரு காலையில சாப்பிட மாட்டாரு. வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடி முன்சக்கரம் ரெண்டையும் கையால தட்டித் தட்டிப் பாப்பாரு, மாட்டைத் தட்டற மாதிரி. குளிருல எனக்கு ஸ்வெட்டர் போட்டும் நடுங்கும். அவரு சட்டை முதுகோட ஒட்டிக் கெடக்கும், அவ்வளவு வேர்வை. வளைவுல ஒடிச்சுத் திருப்பறப்ப டயர் மட்கார்டுல உரசி ரப்பர் கருகற நாத்தம் வரும். கையில ஜெபமாலை வெச்சுக்கிட்டு வளைவுக்கு வளைவு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டு வருவேன். பாதியில வார்த்தை மறந்து போகும். பொறந்ததுல இருந்து சொல்ற ஜெபம் தம்பி, மறந்து போகும். அது பயமில்ல, வண்டி ஆட்டத்துல வர்ற மறதி.

ஒருநாள் அடிவாரத்துல டீக்கடையில நிறுத்தினோம். டீ ஆறிப் போச்சு, இவரு ஒரு வாய் குடிக்கல. டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சொன்னாரு, "பிலோ, பட்டையைப் பழையபடி போட்டுத் தூக்கிடலாமா?"

"தூக்கினா நான் எப்படி ஏறுவேன்?"

"நான் இருக்கேன்ல, ஏத்தி விடறேன்."

அவரு மறுபடி கேட்டாரு, "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, அவசரத்துக்கு நீ எப்படி எறங்குவ?"

"அதான் இவ்வளவு தாழ்வா இருக்குதே. கதவைத் தெறந்தா தரை. நான் எறங்கிருவேன்."

அவரு அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. அவருக்கு எதையும் நேரா சொல்லத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நான் கேட்டிருப்பேன்.

மே மாசம் மலர்க் கண்காட்சி முடிஞ்ச கையோட குத்புதீன் பாய்கிட்ட வண்டியக் கொண்டு போனோம். அவரு படுத்து அடியில போயிட்டு, தலையில கிரீஸோட வெளிய வந்தாரு. இவரைப் பாத்து, "இஞ்ஞாசி, இதுலயா மலை எறங்கி வந்தீங்க? குடும்பத்தோடயா?"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. "அம்மா, எல்லாத்தையும் கழட்டி, பட்டையப் பழையபடி போட்டு, அச்சைக் கீழ கொண்டு போயிடறேன். வண்டி பழைய உயரத்துக்கு வந்துடும். நிம்மதியாத் தூங்கலாம்."

"உயரம் வேண்டாம் பாய். உயரம் இப்படியே இருக்கணும். மத்ததைச் சரி பண்ணுங்க."

"அது எப்படிம்மா? வண்டிக்கு முன்கால் ரெண்டும்தான் உயிரு. இப்ப அதுதான் நொண்டியடிச்சுக்கிட்டு…"

சொல்லிட்டு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. பட்டறையில இருந்த எல்லாரும் வேலையை நிறுத்திட்டாங்க. நான் சிரிச்சேன். "சொல்லுங்க பாய், நொண்டின்னா நொண்டிதானே. நொண்டி ஏறறதுக்குத்தான் நொண்டி வண்டி கேக்கறேன். உங்களுக்கு ரெண்டு காலும் நல்லா இருக்கு, நீங்க எந்த வண்டியில வேணா ஏறிப்பீங்க."

மனுசன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. அப்புறம் ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. என்கிட்ட அந்தப் பேச்சுத் திறமை உண்டு தம்பி, சும்மா சொல்லக் கூடாது.

அவரு செஞ்சது இதுதான். பட்டை, அச்சு எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சுட்டு, ஒடைக்க வந்த ஒரு பழைய காரோட முன்பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்தாரு. அதுல ரெண்டு சக்கரமும் தனித்தனியா ஏறி எறங்கும், சுருள் ஸ்பிரிங்கு. அதை வண்டிச் சட்டத்துக்குக் குறுக்க ஒரு இரும்பு உத்திரம் போட்டு வெல்டு அடிச்சு மாட்டினாரு. உயரம் ஒரு நூல் கூட மாறல. இவரு தினமும் மலையில இருந்து எறங்கிப் போய்ப் பக்கத்துல நின்னு பாத்துட்டு வருவாரு. ஒருநாள் வந்து, "சட்டத்துல துரு ஏறியிருக்கு பிலோ. வெல்டு புடிக்கற எடம் காகிதம் மாதிரி இருக்கு"ன்னாரு. "பாய் என்ன சொல்றாரு?"ன்னு கேட்டேன். "நேர் ரோட்டுக்குத் தாங்கும், மலைக்கு நான் உத்தரவாதம் சொல்ல மாட்டேன். நாலு விரல் தூக்கிக்கிட்டா உத்திரத்தைச் சட்டத்துக்கு அடியில நல்ல எடத்துல கட்டலாம்கறாரு."

"நாலு விரலா? இப்ப நாலு விரல்னு ஆரம்பிப்பாங்க, அப்புறம் ஒரு முழம் ஆகும். எனக்குத் தெரியாதா?"ன்னேன்.

வண்டி வந்துச்சு. இவரு முதல் தடவை தனியா எறங்கிப் பாத்துட்டு வர்றேன்னு சொன்னாரு. அன்னிக்கு சேலத்துல ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஆந்தூரியப் பூச்செடியும் பெரணிச் செடியும் கொண்டு போகணும். "நீ வேண்டாம் பிலோ, அடுத்த தடவை வா"ன்னு கெஞ்சினாரு. நெசமாவே கெஞ்சினாரு தம்பி, கையைப் புடிச்சுக்கிட்டு. நான் விடுவேனா? தொட்டிச் செடியெல்லாம் நான் பாத்து வளத்தது. அவரு தனியாப் போனா பாதி ஒடஞ்சு போயிடும். ஏறி உக்காந்துட்டேன்.

முதல் சில வளைவு இருக்கே, சொர்க்கம். குழியில எறங்கினா மெத்தையில எறங்கின மாதிரி. ஸ்டியரிங் இவரு சொல்றபடி கேக்குது. உரசல் இல்ல, நாத்தம் இல்ல. இவரு தோள் எறங்கி, மூச்சு சீராகி, என்னைப் பாத்து லேசா சிரிச்சாரு. எவ்வளவு நாளாச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து. "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல"ன்னேன்.

அப்பத்தான் ஒரு சத்தம். டிக். சின்னச் சத்தம், நகம் சொடுக்கற மாதிரி. எடது பக்கம், என் காலுக்குக் கீழ.

அவரு சிரிப்பு போயிடுச்சு. அடுத்த வளைவுலயும் டிக். அவரு வேகத்தைக் கொறச்சாரு. "பிலோ, ஓரமா நிறுத்தறேன். நீ எறங்கிக்க. பின்னாடி பஸ் வரும், அதுல வா."

"பஸ்ஸுலயா? என்னால முடியாது."

"நான் ஏத்தி விட்டுட்டு வர்றேன்."

"ஒரு சின்னச் சத்தத்துக்கா? போங்க. புது வேலை, இறுக்கம் விடறதுக்கு அப்படித்தான் கேக்கும்."

இதெல்லாம் எனக்கு என்ன தெரியும்? ஆனா சொன்னேன். அவரு ஓட்டினாரு. சத்தம் வரக் கூடாது, வரக் கூடாதுன்னு ஜெபம் பண்றேன். டிக். அப்புறம் டிக், டிக். என் பாதத்துலயே அது தெரியுது, செருப்பு வழியா. செத்த காலுக்குக்கூடத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. அப்பவாவது நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம்னு நீங்க நெனப்பீங்க. வாய் வரல தம்பி. பயம்னு இல்ல, என்னமோ வரல.

எடது பக்கம் பள்ளம், வலது பக்கம் மலை. வளைவு இல்ல, வளைவு முடிஞ்சு நேரா எறங்கற எடம். படார்னு ஒரு சத்தம். துப்பாக்கி வெடிச்ச மாதிரி. என் பக்கத்து முன்சக்கரம் உள்ள மடங்கிப் படுத்துடுச்சு. இரும்பு ரோட்டுல உரசற அந்தச் சத்தம் இருக்கே, அது இப்பவும் என் காதுல இருக்கு. கண்ணாடிக்கு முன்னாடி நெருப்புப் பொறி. இவரு ஸ்டியரிங்கை முழுசா வலது பக்கம் ஒடிக்கறாரு, அது சும்மா சுத்துது. பிரேக்கை மிதிக்கறாரு, கால் அடி வரைக்கும் போகுது. பிரேக் ஆயில் போற குழாயும் அறுந்து போச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வண்டி எடது பக்கமா, கைப்பிடிச் சுவரைப் பாத்துப் போகுது. சுவருக்கு அந்தப் பக்கம் மரத்து உச்சிதான் தெரியுது. மரத்து உச்சி, தம்பி. என் சன்னலுக்கு நேரா.

நான் கத்தல. கண்ணை மூடிக்கிட்டேன்.

நின்னுடுச்சு. எப்படி நின்னுச்சுன்னா, சட்டமே தரையில எறங்கி, வண்டி வயித்தால ஊர்ந்து, சுவத்துல மூலை முட்டி, ரெண்டு கல்லைப் பேத்துத் தள்ளிட்டு நின்னுச்சு. கல்லு கீழ விழற சத்தம் கேட்டுச்சு. ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு சத்தம். பாத்தீங்களா, அவ்வளவு தாழ்வா இருந்ததாலதான் உடனே தரையில உக்காந்துச்சு. உயரமா இருந்திருந்தா உருண்டிருப்போம். நான் இதை எல்லார்கிட்டயும் சொல்றேன், யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

கண்ணைத் தெறந்து பாத்தேன். ஒரே மண்ணும் எலையும். ஒரு ஆந்தூரியம் தொட்டியோட பின்கண்ணாடியை ஒடச்சுக்கிட்டு என் மடியில வந்து விழுந்திருக்கு. இவரு எடது கை என் மணிக்கட்டைப் புடிச்சிருந்துச்சு. அஞ்சு விரலும் பதிஞ்சு, அப்புறம் ஒரு வாரம் கன்னிப்போய் இருந்துச்சு. அவ்வளவு இறுக்கமா.

அவரு பக்கத்துக் கதவு தெறந்திருந்துச்சு.

அவரு பாதி உடம்பு வெளிய இருந்துச்சு. வலது கால் ரோட்டுல. செருப்பு பிஞ்சு எங்கயோ பின்னாடி கெடந்துச்சு. குதிகால்ல தோல் உரிஞ்சு ரத்தம். நின்ன வண்டியில இருந்து கால் வெச்சா அப்படி உரியாதுன்னு நீங்க நெனப்பீங்க. நீங்க வண்டி தெரிஞ்சவரு.

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். ரேடியேட்டர் தண்ணி சொட்டற சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் அவரு சொன்னாரு, "கதவு தானாத் தெறந்துக்கிச்சு பிலோ."

"ஆமா"ன்னேன்.

என் பக்கம் கதவைத் தெறந்தா பள்ளம். நான் அவரு பக்கமாத்தான் வெளிய வரணும். வண்டி சாஞ்சு கெடக்கு, சீட்டு வழுக்குது, என்னால நகர முடியல. மேல இருந்து ஒரு பஸ் வந்து நின்னு, ஜனமெல்லாம் எறங்கிப் பாக்குது. அவரு என்னைத் தூக்கினாரு. அத்தனை பேருக்கு முன்னாடி, ரத்தக் காலோட, தூக்கிட்டுப் போய் மலைப் பக்கத்து ஓரத்துல ஒரு கல்லு மேல உக்கார வெச்சாரு. சேலையை இழுத்துவிட்டுச் சரி பண்ணினாரு. அப்புறம் அவரு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு அந்த ரோட்டுலயே குத்த வெச்சு உக்காந்துட்டாரு. தோள் ரெண்டும் குலுங்குச்சு. பஸ்ஸுல வந்த ஒரு அம்மா, "பாவம், பொண்டாட்டி மேல எவ்வளவு உயிரு பாரு"ன்னு பக்கத்துல சொன்னாங்க. அதைக் கேட்டு அவரு இன்னும் குலுங்கினாரு.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் அவரு என் முகத்தைப் பாத்துப் பேசல. கால் புண்ணுக்கு மருந்து போட நான் போனா, தானே போட்டுக்கறேன்னு எந்திரிச்சுப் போயிடுவாரு. ஆஸ்பத்திரியில கேட்டதுக்கும், பங்குச் சாமியார் வந்து விசாரிச்சதுக்கும், பக்கத்துத் தோட்டத்துக்காரங்களுக்கும் நான்தான் சொன்னேன், பழைய வண்டி, லாக்கு சரியில்ல, கதவு தானாத் தெறந்துக்கிச்சு, அந்த ஆட்டத்துல கால் வெளிய போயிடுச்சுன்னு. நான் சொல்றப்பெல்லாம் அவரு அடுத்த ரூமுக்குப் போயிடுவாரு.

ராத்திரி படுத்தா எனக்கு அந்த மரத்து உச்சி வரும். அது போனா அந்தக் கதவு வரும். எதைப் பாத்து அதிகமாப் பயந்தேன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியாது. பக்கத்துல அவரு தூங்காமப் படுத்திருக்கறது தெரியும். அவரு மூச்சை வெச்சே தெரியும். நானும் தூங்கற மாதிரி படுத்திருப்பேன்.

குத்புதீன் பாய் பஸ் புடிச்சு மேல வந்தாரு. வாசல்லயே நின்னுக்கிட்டு, "என் தப்பும்மா, நான் அன்னிக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்"னு கண் கலங்கினாரு. "உங்க தப்பு என்ன பாய் இருக்கு, துரு புடிச்ச சட்டம்"னேன். லாரியில தூக்கிப் போட்டு வண்டிய மறுபடி பட்டறைக்குக் கொண்டு போனாரு. இந்தத் தடவை துரு புடிச்ச எடத்தை முழுசா வெட்டி எறிஞ்சுட்டு, புது இரும்பு வெச்சு, ரெண்டு பக்கமும் தகடு கொடுத்து, வெல்டு மட்டும் இல்லாம ஊடுருவப் போல்ட்டும் போட்டு, உத்திரத்தைச் சட்டத்துக்கு அடியில கட்டினாரு. நீங்க இப்ப எட்டி எட்டிப் பாத்தது அதுதான். நாலு விரல் தூக்கணும்னு சொல்லி அனுப்பினாரு. அவரும் எங்க வீட்டுக்காரரும் கலந்து பேசிட்டாங்க போல. சரி, பெரிய மனசு பண்ணி ஒத்துக்கிட்டேன். கதவுக்கு மேல ஒரு கைப்பிடிக் கம்பி வெச்சுக் கொடுத்திருக்காரு. அதைப் புடிச்சு, கொஞ்சம் எக்கி உக்காரணும். நேரமாகும். ஆனா நானேதான் ஏறறேன்.

வண்டிய எடுக்கப் போன அன்னிக்கு நானும் பஸ்ஸுல போனேன். ஆமா, பஸ்ஸுலதான். இவரு என்னை ஏத்தினாரு, எறக்கினாரு. வழி முழுக்க நான் கண்ணைத் தெறக்கல.

பாய் எல்லா வேலையும் காட்டினாரு. இவரு குனிஞ்சு ஒவ்வொரு போல்ட்டாத் தொட்டுப் பாத்தாரு. எல்லாம் முடிஞ்சு கெளம்பற நேரத்துல நான் சொன்னேன், "பாய், இன்னொரு வேலை இருக்கு. டிரைவர் பக்கத்துக் கதவு லாக்கு கெட்டுப்போச்சு. அதை மாத்திக் குடுங்க."

பாய் போய்க் கதவைச் சாத்தினாரு. டொப்புன்னு நல்லா விழுந்துச்சு. இழுத்துப் பாத்தாரு. தெறந்து, மறுபடி சாத்திப் பாத்தாரு. தோளைக் குடுத்து உள்ள இருந்து தள்ளியும் பாத்தாரு. "நல்லாத்தானே இருக்கும்மா? இந்தக் காலத்து வண்டியில கூட இவ்வளவு கெட்டியா இருக்காது."

இவரு ஒரு துணியில கையைத் தொடச்சுக்கிட்டு நின்னாரு. துணி அப்படியே கையில நின்னுடுச்சு. தரையையே பாக்கறாரு.

"அன்னிக்குத் தானாத் தெறந்துக்கிச்சு பாய்"ன்னேன். "நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன். என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். வேற மாத்துங்க."

பாய் என்னைப் பாத்தாரு. அவரைப் பாத்தாரு. அப்புறம் பழைய சாமான் கடைக்குப் போய் வேற ஒரு லாக்கு வாங்கிட்டு வந்து மாட்டினாரு. கழட்டினதை ஒரு பேப்பர்ல சுத்தி என் கையில குடுத்துட்டாரு.

மலை ஏற ஆரம்பிச்சோம். பேப்பர் என் மடியில இருந்துச்சு. நல்ல கனம். ஓடைப் பாலம் வந்ததும் நிறுத்தச் சொன்னேன். சன்னல் வழியா அதைத் தூக்கித் தண்ணியில போட்டேன்.

"என்னது?"ன்னு கேட்டாரு.

"கெட்டுப்போன லாக்கு."

அவரு வண்டிய எடுக்கல. ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு முன்னாடியே பாத்துக்கிட்டு இருந்தாரு. பின்னாடி ஒரு கார்க்காரன் ஹாரன் அடிச்சுட்டு ஒதுங்கிப் போனான்.

"பிலோ, அன்னிக்கு நான்…"

"வண்டிய எடுங்க"ன்னேன். "இருட்டறதுக்குள்ள மேல போய்ச் சேரணும். எனக்கு இந்த ரோடு இப்பல்லாம் பயமா இருக்கு."

கதவை ஒருதடவை இழுத்துப் பாத்துட்டு, எடுத்தாரு.